பொருள் எண் முப்பத்திரண்டு

பொருள் எண் ஏழு என்று மேலாளர் இழுத்தபோது கோகிலாமணி மடியில் விரல்விட்டு எண்ணினாள். ஏழு. இன்னும் இருபத்தைந்து தாண்டினால் முப்பத்திரண்டு. அதற்குள் எழுந்து நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கிறது, நாற்பத்தெட்டு வயசுப் பொம்பளை எழுந்து நிற்கக் கற்றுக்கொள்கிறாளாம். ஆனால் இந்த நகர்மன்றத்துக்குப் பதினாலாவது வார்டு உறுப்பினராக வந்த மூன்று வருசத்தில் அவள் இங்கே பழகியதெல்லாம் வந்ததும் கும்பிடுவது, கேசரியைச் சேலையில் சிந்தாமல் தின்பது, தலைவர் 'ஆல் பாஸ்' என்றதும் மேசையைத் தட்டுவது, அவ்வளவுதான். ஒவ்வொரு பொருளாகப் படித்து, பேசி, சரியா தப்பா என்று கேட்டுத்தான் தீர்மானம் போட வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறதாம். இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும். இங்கே மேலாளர் பத்துப் பதினைந்து படிப்பார், தலைவர் சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்ப்பார், 'மீதியெல்லாம் ஆல் பாஸுங்களா' என்பார், முப்பது கை முப்பது மேசையில் விழும், முடிந்தது கதை. இன்றைக்குப் புதன்கிழமை வேறு. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். ராகு காலத்தில் போட்ட தீர்மானம் விளங்காது என்று சென்னியப்பன் என்றைக்கோ சொல்லி, இப்போது அது சட்டப் புத்தகத்தைவிடப் பெரிய சட்டம். மணி பதினொன்று முப்பத்தைந்து. மேலாளர் முப்பத்திரண்டு வரைக்கும் வரவே மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதானே அதை முப்பத்திரண்டில் வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

கூட்டப் பொருள் புத்தகம் அவள் கைக்கு வந்ததே கிடையாது. ஆபீஸ் ஆள் கொண்டு வருவான், அவள் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி வாங்குவார், கண்ணாடியை மூக்கில் இறக்கி வாசிப்பார், பீரோவுக்குள் வைத்துவிடுவார். இன்றைக்குக் காலையில் அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அந்த ஆள் வந்து, 'ஐயாகிட்டக் குடுத்ததுல ஒரு தாள் விட்டுப்போச்சுங்க, இது முழுசுங்க' என்று நீட்டிவிட்டுப் போனான். இட்லி வேகிற பத்து நிமிசம். சும்மாதான் புரட்டினாள். முப்பத்தொன்று: நகரின் பொதுப் பாதுகாப்புக்காக ஒரு கட்டுமான நிறுவனம் மனமுவந்து நன்கொடையாக வழங்கும் அறுபது கண்காணிப்புக் கேமராக்களையும் இரண்டு ரோந்து ஜீப்புகளையும் நன்றியுடன் ஏற்பது. நல்லதுதானே என்று நினைத்தாள், நினைத்துத் தொலைத்தாள். அதற்கடுத்தது முப்பத்திரண்டு: மூடப்பட்ட நூற்பாலைக்குச் சொந்தமான காலியிடத்தை, ஆலைப் பகுதி என்பதிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதியாக வகைமாற்றம் செய்ய அரசுக்குப் பரிந்துரைப்பது. பார்வை: மேற்படி இடத்தில் சமூக விரோதிகள் நடமாட்டம் மிகுந்து பொதுமக்களின் பாதுகாப்புக்குக் குந்தகம் ஏற்பட்டுள்ளதாகப் பதினாலாவது வார்டு உறுப்பினர் திருமதி தெ. கோகிலாமணி அவர்கள் அளித்துள்ள கடிதம். தெ. கோகிலாமணி யார் என்று ஒரு நொடி யோசித்தாள், சத்தியமாக யோசித்தாள். அப்புறம்தான் அது தான் என்று உறைத்தது. இட்லி அடிப்பிடித்த வாசனை வந்தது, தண்ணீர் வற்றிப்போய்ப் பாத்திரம் கருகுகிறது, அவள் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். காலியிடம். ஆலைத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டின லைன் வீடு நாற்பத்தொன்று இருக்கிறது அங்கே. ஆலை மூடினபோது 'வீட்டையாவது வெச்சுப் பொழைச்சுக்கங்க' என்று முதலாளி வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுப் போன வீடுகள், பத்திரமில்லை, பட்டா இல்லை, ஆனால் ஆள் இருக்கிறது, அடுப்பு எரிகிறது, கொடியில் துணி காய்கிறது. காலியிடமாம். சமூக விரோதிகளாம். கல்யாணம் ஆகிற வரைக்கும் இருபத்துமூன்றாம் நம்பர் வீட்டில் அவளே குடியிருந்தாளே, அப்போது அவளும் சமூக விரோதியா? தீர்மானம் போய்ச் சேர்ந்தால் ஆறே மாசத்தில் அந்த ரெண்டு ஜீப்பும்தான் முன்னால் வந்து நிற்கும், பின்னால் பொக்லைன் வரும். அறுபது கேமராவும் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பொருள் எண் பத்து. குப்பை வண்டிக்கு டயர். கடிதம். எந்தக் கடிதம்? அவள் எழுதவில்லை, ஆனால் கையெழுத்து அவளுடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம், அதை நினைத்தால்தான் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. ஜெயித்த புதுசில் தெய்வசிகாமணி லெட்டர் பேடு அடித்துக்கொண்டு வந்தார், மேலே கோபுரப் படம், அவள் பேர் கொட்டை எழுத்தில். கூடவே ஒரு பச்சை மைப் பேனா. 'பெரிய அதிகாரிக எல்லாம் பச்சைலதான் போடுவாங்க புள்ள, நீயும் போடு' என்றார். அந்தப் பச்சையில் மயங்கினாளே, கிறுக்கி, கிறுக்கி. மில்லில் வேலை செய்த காலமெல்லாம் ரிஜிஸ்தரில் கோ-கி-லா-ம-ணி என்று எழுத்தெழுத்தாகப் போட்டவள், ஒரு வாரம் பழைய காலண்டர் பின்பக்கத்தில் சுழித்துச் சுழித்துப் பழகி, கடைசியில் ஒரு வளைவும் கீழே ரெண்டு புள்ளியுமாக ஒரு கையெழுத்தைக் கண்டுபிடித்தாள். என்ன பெருமை! மகளிடம் காட்டினாள். பக்கத்து வீட்டுக்குப் போய்க் காட்டினாள். அப்புறம் அவர் இருபத்தைந்து வெற்றுத் தாளைக் கொண்டுவந்து சமையல்கட்டு மேடையில் வைத்து, 'எல்லாத்துலயும் ஒண்ணு போட்டு வெச்சிரு, அப்பப்ப உன்னயத் தேடிட்டு இருக்க முடியாது' என்றார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு இருபத்தைந்திலும் போட்டாள். ஒன்றில்கூட வளைவு பிசகவில்லை. யாரோ தலையில் துப்பாக்கி வைத்துக் கேட்டார்களா? இல்லையே. ஆசையாகப் போட்டாள். தீர்ந்ததும் இன்னும் இருபத்தைந்து கொண்டுவந்தார், அதற்கும் போட்டாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள், இவள் பச்சை மையால் கெட்டாள். காலையில் பீரோவைத் திறந்து பார்த்தபோது பதினொரு தாள் மிச்சம் இருந்தது, அடியில் கையெழுத்து, மேலே ஒன்றுமில்லை. அள்ளிக் கைப்பையில் திணித்துக்கொண்டு வந்திருக்கிறாள். மடியில் கனக்கிறது.

'என்னங்க இது' என்று கேட்காமல் இல்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மனுசன் முன்னால் புத்தகத்தை நீட்டினாள். அவர் திடுக்கிடக்கூட இல்லை. 'அதெல்லாம் உனக்கு எதுக்கு புள்ள? நீ வந்து ஒக்காரு. தட்டறப்பத் தட்டு' என்று தலையைச் சீவப் போய்விட்டார். தட்டுகிறபோது தட்டு! இப்போது அதோ, பார்வையாளர் பகுதியில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பெண்கள் வார்டு உறுப்பினர்களின் வீட்டுக்காரர்கள் எல்லாம் அங்கேதான் வரிசையாக நிற்பார்கள், அஞ்சாறு வெள்ளைச் சட்டை. அவர் கண்ணாடியைத் தொட்டால் தட்ட வேண்டும், மீசையைத் தடவினால் சும்மா இருக்க வேண்டும். மூன்று வருசமாக அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் பதினாலாவது வார்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ரெண்டு மாசம் முன்னால் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, 'பொண்ணுக்கு ஆறாவது மாடில ஒரு பிளாட்டு தர்றேங்கறாங்க, கெழக்குப் பார்த்த வாசல்' என்றார். யார் தருகிறார்கள், எங்கே, எதற்கு, ஒன்றும் கேட்கவில்லை அவள். லிஃப்ட் இருக்குமா என்று கேட்டாள். லிஃப்ட்! அட கருமமே. லைன் வீட்டு ரங்கநாயகி அக்காவின் கூரைமேல் ஆறு மாடி ஏற்றி, அதில் ஏறிப்போக லிஃப்ட் கேட்டிருக்கிறாள். அவர்மேல் வருகிற கோபம் பாதிவழி போய்த் திரும்பி அவள்மேலேயே விழுகிறது, விழுந்ததும் இன்னும் சூடாகி மறுபடி அவர்மேல் போகிறது.

பொருள் எண் பதிமூன்று. தெருநாய். எட்டாவது வார்டுக்காரர் நாயைப் பற்றி ஏதோ சொல்ல, 'நாய்க்கும் ஒரு கேமரா வெச்சரலாமுங்க' என்று சென்னியப்பன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கோகிலாமணிக்கு முன்னால் மைக் வளைந்து நின்றது. பொத்தானை அழுத்திப் பார்த்தாள், சிவப்பு விளக்கு எரியவில்லை. அவள் மைக் எரிந்ததே இல்லை, போன வருசம் ஒருதரம் கேட்டதற்கு 'சொல்லியிருக்கறமுங்க' என்றார்கள். மைக் இல்லாமல் யாருக்குக் கேட்கும்? கேட்கிற மாதிரிப் பேசினால் 'மெதுவாப் பேசு புள்ள, மில்லுக்காரியாட்டக் கத்தாத, கவுன்சிலராட்டப் பேசு' என்று அவர் சொல்லிச் சொல்லியே தொண்டையைச் சுருக்கிவிட்டார். மில்லுக்காரிதானே அவள். பதினேழு வயசிலிருந்து ஏழு வருசம் கோன் வைண்டிங்கில், நூலைக் கூம்பில் சுற்றுகிற மெஷின் முன்னால் நின்றவள். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவளிடம் தண்ணீர் கேட்பதென்றாலும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். ரங்கநாயகி அக்கா கத்தினால் அடுத்த ஷெட்டில் மேஸ்திரி திரும்பிப் பார்ப்பான். அக்காதான் இவளுக்கும் கத்தக் கற்றுக்கொடுத்தது, நெஞ்சிலிருந்து கத்தாதடி, இருமல் வந்துரும், வயித்துலருந்து எடு என்று. எழுந்து நின்றால் என்ன ஆகும்? தெய்வசிகாமணி அடிக்கிற ஆள் இல்லை, திட்டக்கூட மாட்டார். பேசாமல் இருப்பார். மாசக்கணக்கில், தட்டு வைத்தால் சாப்பிட்டு, எடுத்தால் எழுந்து, சுவரைப் பார்த்தபடி. அவருடைய அக்காள் வந்து உட்கார்ந்து, 'ஊரு சிரிக்க வெச்சுட்டியே' என்பாள். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அது நிற்கும். கட்சியில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் என்று பத்திரிகையில் வரும், படம் போட்டு வரும். சரி, நின்றால் இவ்வளவு. நிற்காவிட்டால்? நிற்காவிட்டால் ஒன்றுமே ஆகாது. கேசரி வரும். அதுதான் அவளைக் கொன்றது. ஒன்றுமே ஆகாது, அவளுக்கு.

ரங்கநாயகி அக்கா அந்தக் கம்பிக்குப் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், பதினேழாம் நம்பர் வீட்டுக்காரி, லைன் வீட்டுப் பொம்பளைகள் மூன்று பேரோடு. வெயிலில் நடந்து வந்த முகம். எலெக்‌ஷனில் இவளுக்காக வீடு வீடாக ஏறி இறங்கினவள், 'நம்ம லைன் பொண்ணு, நமக்குன்னா ஓடி வருவா' என்று சொல்லி ஓட்டு வாங்கிக் கொடுத்தவள். காலையில் நகர்மன்ற வாசல் கேட்டருகே இவள் காரை விட்டு இறங்கினதும் அக்கா வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். 'கோகிலா, ரெண்டு நாளா யாரோ வந்து டேப்பு வெச்சு அளந்துட்டுப் போறாங்க கண்ணு. கேட்டா மீட்டிங்ல போய்க் கேளுங்கறாங்க. இன்னைக்கு நம்முளுது ஏதாச்சும் வருதா?' பக்கத்திலேயே தெய்வசிகாமணி கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். 'ஒண்ணும் இல்லீங்கக்கா' என்றாள் கோகிலாமணி. எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய். பத்து நிமிசம் முன்னால் ஒப்பித்து வைத்த மாதிரி. அக்கா நம்பிவிட்டாள். நம்பி, வந்தது வந்தோம் நம்ம கோகிலா உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துவிட்டுப் போவோம் என்று உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாள், நடுவில் ஒருதரம் இவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். சிரிக்காதீங்கக்கா. தயவுசெய்து சிரிக்காதீங்க. பொருள் எண் பதினெட்டு. முப்பத்திரண்டு வரட்டும், எழுந்துவிடலாம். வராதே! வராது என்று தெரிந்துகொண்டே வரட்டும் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாயே, வாய்க்குள் கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய்? இப்போதே எழு. இதோ, மேலாளர் மூச்சு விடுகிறார், இப்போது. விட்டாயிற்று. பத்தொன்பது. அடுத்த மூச்சுக்கு. தொடை இரண்டும் நாற்காலியோடு சேர்த்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

பதினொன்று ஐம்பதுக்கு சென்னியப்பன் கையை உயர்த்த, மேலாளர் பாதிச் சொல்லில் நின்றார். 'ஒரு சந்தோசமான சேதியச் சொல்லிப்புட்டு முடிச்சுக்கலாமுங்க' என்றார் தலைவர். முன்வரிசையில் சந்தனக்கலர் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளை எழுப்பினார்கள், அந்தக் கட்டுமான நிறுவனத்து மேனேஜராம். நம்ம ஊருப் பொண்ணு பிள்ளைக ராத்திரி பத்து மணிக்கும் பயமில்லாமப் போய் வரணும், அதுக்காக அறுபது கேமரா, ரெண்டு ஜீப்பு, எல்லாம் இனாமாக் குடுக்கறாங்க என்று சென்னியப்பன் சொல்லிச் சால்வை போர்த்தினார். கைதட்டினார்கள். பெஞ்சில் ரங்கநாயகி அக்காவும் கைதட்டினாள். ஐயோ, அக்காவும் தட்டுகிறாள், தன் வீட்டை இடிக்கிறவனுக்குச் சால்வை போர்த்துகிறதைப் பார்த்துத் தட்டுகிறாள், தெரியாது அவளுக்கு, சொல்ல வேண்டியவள் ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டாள். தூ, நானும் ஒரு மனுசியா என்று கோகிலாமணி நினைத்த அந்த நேரத்தில்தான், 'இதோட சேர்த்து மீதியெல்லாம் ஆல் பாஸுங்களா' என்றார் தலைவர். தடதடவென்று மேசைகள். கம்பிக்கு அந்தப் பக்கம் தெய்வசிகாமணி கண்ணாடியைத் தொட்டார். சத்தம் அடங்கினபோது அவள் உள்ளங்கை எரிந்தது. குனிந்து பார்த்தாள். கை மேசைமேல் இருந்தது. தட்டியிருக்கிறது. அவளைக் கேட்காமல், மூன்று வருசப் பழக்கத்தில், அந்தக் கை தட்டிவிட்டது.

அப்போதுதான் எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. 'நிறுத்துங்க!' வயிற்றிலிருந்து எடுத்தாள். மைக் எதற்கு? ஏழு வருசம் நூற்ற தொண்டை அது. வாசலில் கேசரித் தட்டோடு வந்த ஆள் அப்படியே நின்றான். மேலாளர் கையிலிருந்த தாள் நழுவியது. 'பொருள் எண் முப்பத்திரண்டு நான் ஒத்துக்க மாட்டனுங்க!' சென்னியப்பன் முதலில் பயந்து, பிறகு சிரித்தார். 'என்னங்கம்மா, ஆல் பாஸ் ஆயிப்போச்சுங்களே. நீங்களுந்தான தட்டுனீங்க? என்ற கண்ணால பார்த்தனுங்க.' சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு முடிகிற வரைக்கும் நின்றாள். 'தட்டுனனுங்க. மூணு வருசமா எதுக்குன்னு தெரியாமத் தட்டிட்டிருக்கறனுங்க. இன்னைக்குத் தெரிஞ்சும் தட்டிப்போட்டேன், அந்தக் கையத்தான் வெட்டிப் போடோணும். அந்தக் கடுதாசில இருக்கற கையெழுத்து என்னுது. கடுதாசி என்னுது இல்லீங்க. வெத்துத் தாள்ல போட்டு என்ற வீட்டுக்காரர்கிட்டக் குடுத்தேன். அதா, கம்பியப் புடிச்சுட்டு நிக்கறாருங்களே, அவுருகிட்டத்தான்.' எல்லாத் தலையும் திரும்பியது. தெய்வசிகாமணி மீசையைத் தடவினார், தடவிக்கொண்டே இருந்தார். அவள் இரண்டாம் தரம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. 'காலியிடம்னு எழுதியிருக்கறீங்க. அக்கா, எந்திரிங்க.' ரங்கநாயகிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் எந்திரி என்ற அந்தக் குரல் விளங்கியது, எழுந்து நின்றாள். கூட வந்த மூன்று பேரும் எழுந்தார்கள். 'பதினேழாம் நெம்பர் வூட்டுக்காரிங்க இவுங்க. இவுங்க காலிங்களா? சொல்லுங்க தலைவரே, இவுங்க காலிங்களா?'

சென்னியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிசம். 'கூட்டம் முடிஞ்சுதுங்க' என்று எழப் போனவரை, பக்கத்து நாற்காலியில் இருந்த நகராட்சி ஆணையர் கையமர்த்தினார். ஊருக்கு வந்து நாலு மாசமே ஆன, யாரிடமும் அதிகம் பேசாத மனுசர். 'இருங்க சார். உறுப்பினர் கடிதத்தையே மறுக்கறாங்க. அதை வெச்சுத்தான் இந்தப் பொருளே வந்திருக்கு. அப்படியே மேல அனுப்பினா என் தலைதான் உருளும்' என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, 'ஆட்சேபணையை எழுத்துல குடுங்கம்மா. இப்பவே, இங்கயே எழுதிக் குடுத்தீங்கன்னா முப்பத்திரண்டைத் தனியா எடுத்து நிறுத்தி வெச்சுடறேன். வெளிய போயிட்டீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது' என்றார். முப்பத்தொன்று நிற்காது, கேமரா வரும், ஜீப்பு வரும், முப்பத்திரண்டு அடுத்த மாசம் வேறு எண்ணில் வரும், அதுவும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. வரட்டும். வந்தால் எழுந்து நிற்கத் தெரியும். கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சட்டை வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. வெளியே கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

கைப்பையைத் திறந்தாள். கோபுரம் போட்ட பதினொரு தாள், பதினொன்றிலும் அடியில் பச்சைச் சுழிப்பும் ரெண்டு புள்ளியும். ஒவ்வொன்றாக எடுத்து, சபை பார்க்க, குறுக்கே கிழித்து மேசையில் போட்டாள். அந்தச் சத்தம் மைக் இல்லாமலே நன்றாகக் கேட்டது. மணி பன்னிரண்டு அடித்து ராகு காலம் பிறந்தது, சென்னியப்பன் உட்காரவும் மாட்டாமல் எழவும் மாட்டாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேலாளரிடம் கோடு போட்ட ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினாள். ஆணையர் தன் நீல மைப் பேனாவை நீட்டினார். விழுந்த நாற்காலியை ரங்கநாயகி அக்கா உள்ளே வந்து நிமிர்த்திப் போட்டாள், யாரும் தடுக்கவில்லை. கோகிலாமணி உட்கார்ந்து, நாற்பத்தொரு வீடு என்று ஆரம்பித்து, நிதானமாக, ஒரு பக்கம் முழுக்க எழுதினாள். எழுதினதை ஒருதரம் வாசித்துப் பார்த்தாள். அப்புறம்தான், கடைசியாக, அடியில் கோ-கி-லா-ம-ணி என்று எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள்.